மேலே பெய்த மழை

என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தவுடன், முகம் கழுவுவதற்கும் முன்பாக, லயம் எனும் தோட்டத்து வரிசைவீட்டு வாசலில் நின்று கிழக்கே பார்ப்பார். அங்கே தித்திவங்சா மலைத்தொடர் இருட்டோடு இருட்டாக இருக்கும். மலையின் விளிம்பு வரை நட்சத்திரங்கள் தெரிந்தால் வேலைக்குக் கொண்டுபோகும் விளக்கை எடுப்பார். விளிம்பு கலங்கித் தெரிந்தால் அம்மாவிடம் கோப்பியைக் கொஞ்சம் தாமதமாகக் கலக்கச் சொல்வார். பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு முடிந்து மரநிரைக்குப் போனதும் முதல் மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்குக்குள் இறங்காமல் மரமெங்கும் பரவி வீணாகும். அப்படிப்பட்ட நாள்களில் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் வானிலை என்பது பொழுதுபோக்குப் பேச்சாக ஒருநாளும் இருந்ததில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், அதே மலையிலிருந்து இறங்கி வரும் கம்பார் ஆற்றில், காற்றடைத்த மிதவையில் குடும்பத்தோடு போய்ப் பாதி வழியில் கரையேறியதுதான். பால்மரத்தடியில் நான் கற்றுக்கொள்ளாமல் விட்டதை அன்றைக்கு ஆற்றங்கரையில் கற்றுக்கொண்டேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோப்பெங், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது. ஈயத்தால் பிறந்து, பிறகு ரப்பராலும் எண்ணெய் எடுக்கும் செம்பனையாலும் பிழைத்த வட்டாரம். மலைத் தண்ணீரைப் பெரிய இரும்புக் குழாய்களில் இறக்கி, அதன் விசையாலேயே மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். அந்தக் குழாய்களின் மிச்சத்தை இப்போதும் ஊரைச் சுற்றிக் காணலாம். ஈயம் போயிற்று, தோட்டத்து லயங்கள் பலவும் காலியாகிவிட்டன. மலைத் தண்ணீர் மட்டும் இன்னும் ஊருக்குச் சோறு போடுகிறது. சனி, ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் கூட்டம் கம்பார் ஆற்றில் மிதவை விடத்தான் வருகிறது. தோட்டத்துப் பையன்கள் சிலருக்கும் மலையடிவாரத்து செமாய் பூர்வகுடியினர் பலருக்கும் இது இன்று வேலை.

ஆற்றுப் பாய்ச்சல்களை உலகெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். கம்பார் ஆற்றை 1 முதல் 3 வரை என்று சொல்வது வழக்கம். பதிவு செய்யும்போது எல்லோரும் இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். ஆனால் அந்த எண், ஆறு தன் வழக்கமான அளவில் ஓடும் நாளுக்கு உரியது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அதே பாறை, அதே வளைவு, தண்ணீர் இரண்டு அடி கூடினால் வேறொரு பாய்ச்சல். இரண்டு அடி குறைந்தால் அது பாய்ச்சலே அல்ல, வெறும் கல்மேடு.

தண்ணீர் குறைந்த ஆற்றையும் நான் பார்த்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டு மார்ச்சு, எல் நினோ வெயில் நாட்டையே வாட்டிய மாதம். கெடாவிலும் பெர்லிசிலும் வெயிலுக்காகப் பள்ளிகளை மூடிய அந்தக் காலத்தில், மழை இல்லாததால் ஆறு பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பி நண்பர்களோடு போனேன். மிதவை ஐம்பது அடிக்கு ஒருமுறை கல்லில் உட்கார்ந்தது. உட்கார்ந்த மிதவையை நகர்த்த எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிட்டத்தால் குதித்துக் குதித்துத் தள்ள வேண்டும்; அதை ஒரு மணி நேரம் செய்து பார்த்தால்தான் அந்த இடுப்புவலி புரியும். அதைவிட முக்கியமான ஒன்றை அன்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொன்னார்: விழுந்தால் முழங்கால் தண்ணீர்தானே என்று எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் ஒரு பாதம் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்திவிடும். மல்லாந்து படுத்து, கால்களை முன்னால் நீட்டி, பாதங்கள் மேலே தெரிய மிதந்து போக வேண்டும். வறண்ட ஆறு சாதுவான ஆறு என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

இனி அக்டோபருக்கு வருகிறேன். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. கிள்ளானிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர். இரண்டு நாள்களுக்கு முன் படகு நிறுவனத்தைக் கைப்பேசியில் அழைத்து மழை பற்றிக் கேட்டேன். “மழையில போனாத்தான் ஜாலி, அண்ணே, எப்படியும் நனையத்தானே போறீங்க” என்று மறுமுனையில் இருந்தவர் சிரித்தார். காலை நேரங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, பிற்பகல் இரண்டு மணி தருகிறோம் என்றார். மழையால் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். அக்டோபர் மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு மலையாற்றில் இறங்க ஒப்புக்கொண்ட என் அறிவை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த மாதத்துப் பிற்பகல் எப்படி இருக்கும் என்று தெரியும்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில், இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களான ஏப்ரல், மே, மீண்டும் அக்டோபர், நவம்பர் ஆகியவைதான் இடிமழைக்குப் பேர்போனவை. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழும். மலைச்சரிவு அதை இன்னும் மேலே தூக்கிவிடும். மதியத்துக்குள் மலை முகட்டில் பஞ்சுப்பொதி போல் மேகம் குவிந்து, மூன்று மணிக்கு மேல் கொட்டித் தீர்க்கும். தோட்டத்தில் பாலை நிறுத்துக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்குப் பிறகே பெரும்பாலும் மழை வரும் என்பதால், எங்கள் ஆள்கள் இந்த மழையை அவ்வளவாகக் குறை சொல்வதில்லை. அவர்கள் சபிப்பதெல்லாம் இன்னொரு மழையை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வந்து அடிக்கும் ‘சுமத்ரா’ காற்றுமழை ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஒரு நாள் வெட்டைக் கெடுத்துவிட்டுப் போகும். ஆகவே ‘காலையில் போனால் போதும், கவலை இல்லை’ என்பதும் ஆண்டு முழுவதற்கும் பொருந்தும் விதி அல்ல.

நாங்கள் கிளம்பும்போது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “மலையில ராத்திரியே பெய்ஞ்சிருக்கு. மத்தியானம் திரும்பவும் இறங்கும். காலையில செய்யற வேலையை ஏன் மத்தியானத்துல வச்சீங்க?” என்று கேட்டார். தங்கை கணவர் கைப்பேசியை நீட்டி, கோப்பெங்கிற்கு ஒரு சூரியன் படமும் ஒரு சிறு மேகமும் போட்டிருந்ததைக் காட்டினார். அப்பா கண்ணாடியை மாட்டி அந்தச் சூரியனை மரியாதையாகப் பார்த்துவிட்டு, “இது பட்டணத்துக்கு, மாப்பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

பட்டணத்துக்கான சூரியன் உண்மையிலேயே இருந்தது. ஆற்றங்கரையில் நாங்கள் இறங்கியபோது தலைக்கு மேலே நீலவானம். எங்கள் மிதவைக்கு வந்த வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க செமாய்காரர்; அதிகம் பேசாதவர். அவருக்குத் துணையாகப் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப் பையன் ஒருவன். வழிகாட்டியின் காலில் இருந்தது, தோட்டத்தில் எல்லோரும் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. இந்நாட்டில் அதற்கு ‘அடிடாஸ் கம்பங்’ என்று செல்லப்பெயர். அப்பாவும் அதைப் போட்டுத்தான் மரம் வெட்டினார். நாங்கள் ஈப்போவில் வாங்கிய விலையுயர்ந்த செருப்புகளை அவர் ஒரு பார்வை பார்த்தார்.

அவர் செய்த இரண்டு காரியங்களை நான் கவனித்தேன். வெயிலில் கிடந்த மிதவையின் பக்கக்குழாயை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மத்தளம் போலச் சத்தம் வந்தது. உடனே அடைப்பானைத் திறந்து ‘உஸ்’ என்று கொஞ்சம் காற்றை வெளியேற்றினார். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து தையலைச் சோதிக்கும், தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து தளர்ந்துவிடும், அப்போது மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்று பையன் விளக்கினான். இரண்டாவது காரியத்தை விளக்க யாரும் முன்வரவில்லை. அவர் ஒரு குச்சியை ஒடித்து, தண்ணீர் கரையைத் தொடும் சரியான இடத்தில் மணலில் நட்டுவிட்டு, எங்களுக்குத் தலைக்கவசமும் உயிர்காப்பு மேலங்கியும் மாட்டத் தொடங்கினார். துடுப்புப் பயிற்சி முடிந்து திரும்பி வந்து குச்சியைப் பார்த்தார். தண்ணீர் ஏறவில்லை. புறப்பட்டோம்.

முதல் முக்கால் மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அது எல்லோருடைய காணொளியிலும் இருக்கும் கூச்சலும் சிரிப்பும்தான். ஒரு நீண்ட அமைதியான நீர்ப்பரப்பில் பிள்ளைகள் குதித்து மிதந்துகொண்டிருந்தபோது, வழிகாட்டி எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. நான் தண்ணீரைப் பார்த்தேன். புறப்பட்டபோது அடியில் கூழாங்கல் தெரியும் பச்சைநிறத்தில் இருந்த தண்ணீரில், ஓரமாக ஒரு பழுப்புக் கோடு கலந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடங்களில் அந்தக் கோடு அகன்று ஆறு முழுவதும் பால் கூடிய தேத்தண்ணீர் நிறமாயிற்று. கூடவே சருகுகள், சுள்ளிகள், மூங்கில் இலைகள், நுரைக்கட்டிகள். காற்றில் புதிதாய் வெட்டிய மண்ணின் வாடை. எங்கள் மேல் ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் முதுகில் சுட்டுக்கொண்டிருந்தது.

இடது கரைக்கு நான்கைந்து துடுப்பு வலிப்பில் போய்ச் சேர்ந்தோம். மிதவையை இழுத்து ஏற்றி ஒரு மரத்தில் கட்டினார்கள். நாங்கள் இறங்கி நின்ற இடம் போதாது என்று இன்னும் மேலே, பழைய வெள்ளத்தின் குப்பை சிக்கியிருந்த கிளைகளுக்கும் மேலே ஏறச் சொன்னார் வழிகாட்டி. எதிர்க்கரையோரம் ஒரு பாறை இருந்தது. உச்சியில் நீர்க்காகத்தின் எச்சமோ என்னவோ, வெள்ளையாய் ஒரு திட்டு. தங்கை மகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் பாறையின் இடுப்பு மறைந்தது. பிறகு வெள்ளைத் திட்டு மட்டும் ஒரு தட்டு போலத் தண்ணீர்மேல் நின்றது. பிறகு அதுவும் இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. இதற்கெல்லாம் பத்து நிமிடங்கூட ஆகியிருக்காது. அதைவிட என்னைக் கலங்கடித்தது சத்தம். ஆற்றின் இரைச்சலுக்கு அடியில், தரைக்குள்ளிருந்து வருவது போல, ‘டொக்… டொக்’ என்று மட்டமாய் ஓர் ஒலி. அடியில் கற்கள் உருள்கின்றன என்றான் பையன்.

இதை மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’, தண்ணீரின் தலை, என்பார்கள். மலை உச்சியில் கொட்டிய மழை பல ஓடைகளில் இறங்கி ஒன்றுசேர்ந்து, சில வேளைகளில் விழுந்த மரங்களும் குப்பையும் அடைத்த இடத்தில் தேங்கி, அடைப்பு உடைந்ததும் ஒரே தலையாகக் கீழே வருவது. செங்குத்தான சிறிய மலையாறுகளில், மேலே மழை பெய்வதற்கும் கீழே தண்ணீர் ஏறுவதற்கும் இடையே சில மணி நேரந்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. முதல் நாள் இரவு பெய்த மழையில் மண் நிறையக் குடித்துவிட்டிருந்தால், அடுத்த மழையை அது வாங்காது. பெய்தது பெய்தபடி ஆற்றுக்கு வந்துவிடும். ‘ராத்திரியே பெய்ஞ்சிருக்கு’ என்று அப்பா முதலில் சொன்னதன் பொருள் இதுதான். நானோ ‘மத்தியானம் இறங்கும்’ என்பதை மட்டும் காதில் வாங்கி, நனைந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். மேலே காடு அடர்ந்திருந்தால் இலையும் சருகும் வேரும் மழையைத் தாமதப்படுத்தும். சரிவை மொட்டையடித்துப் பயிரிட்டிருந்தால் தண்ணீர் சீக்கிரமாகவும் அதிக மண்ணோடும் வரும்.

தண்ணீர் ஏறுவதில் உயரத்தைவிட வேகம் பெரிய சிக்கல். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு பொருளின் மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுழன்று அமைதியாக நிற்கும் சிறு மடுக்கள்தான் வழிகாட்டிகளுக்குப் பேருந்து நிறுத்தம் போல. அங்கே ஒதுங்கித்தான் மூச்சு வாங்குவார்கள், விழுந்தவரைத் தூக்குவார்கள். வெள்ளத்தில் பாறைகள் மூழ்கியதும் அந்த நிறுத்தங்கள் காணாமல் போய்விடும். மூழ்கிய பாறையின் பின்புறத்தில் தண்ணீர் மடங்கி உருண்டு, விழுந்த ஆளை வெளியே விடாமல் சுழற்றும் குழிகள் உண்டாகும். கரையோர மூங்கில் புதர்கள், சாய்ந்த மரங்கள் எல்லாம் ஓட்டத்துக்குள் வந்துவிடும்; தண்ணீர் அவற்றின் ஊடே போகும், ஆள் போக முடியாது. வழிகாட்டிகள் பாறையைவிட அதிகமாக அஞ்சுவது இந்த மரங்களுக்குத்தான்.

எங்கள் வட்டாரத்தில் இது பழைய பாடம். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், கம்பார் பட்டணத்துக்கு அருகே போஸ் டீப்பாங் பூர்வகுடிக் கிராமத்தின் மேல், மலையிலிருந்து மழைநீரோடு சேறும் மரங்களும் இறங்கி 44 பேரைக் கொண்டுபோயிற்று. அந்த வாரம் தோட்டத்துக் கோயிலில் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்று அம்மா சொல்வார். அண்மையில், 2023 ஜூலை 1ஆம் நாள், திரெங்கானுவின் கெமாமானில் ஜெராம் மாவார் என்னும் குளிக்குமிடத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேர் இப்படி வந்த தண்ணீரில் இறந்தார்கள். அவர்கள் யாரும் சாகசத்துக்குப் போனவர்கள் அல்லர். கிராமத்தில் இருந்தவர்கள், குளிக்கப் போனவர்கள்.

நாங்கள் கரையில் நின்ற அரைமணி நேரத்தில், பிள்ளைகளுக்கு உதடு வெளிறி உடல் நடுங்கத் தொடங்கியது. வெயில் மறைந்து மலைக்காற்று இறங்கியிருந்தது. நனைந்த துணியோடு அசையாமல் நின்றால் நம் நாட்டிலும் குளிரும். பதினொரு பேரில் ஒருவரும் மாற்றுத்துணியைக் கையோடு எடுத்து வரவில்லை, எல்லாம் முடிவிடத்து வண்டியில் இருந்தன. இடியும் கேட்டது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வரும் என்று தங்கை கணவர், ஒருவேளை காலையில் காட்டிய சூரியனுக்குப் பரிகாரமாக, பிள்ளைகளை எண்ண வைத்தார். பதினெட்டு வந்தது, ஆறு கிலோமீட்டர். இடைவெளி முப்பது நொடிக்குக் கீழே வந்தாலே திறந்த நீரில் இருக்கக் கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை.

வழிகாட்டி நிறுவனத்தோடு கம்பியில்லாக் கருவியில் பேசினார். மறுமுனையில் இருந்தவர் கொஞ்சம் காத்திருந்து தண்ணீர் வடிந்ததும் முடித்துவிட்டு வரச் சொன்னார் போலும். இவர் இரண்டு முறை ‘தா போலே’, முடியாது, என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டார். செம்பனைத் தோட்டத்தின் வழியே நாற்பது நிமிடம் நடந்து லோரிப்பாதையை அடைந்தோம். ஈப்போச் செருப்புகளில் இரண்டு வாரறுந்தன. கடைசி அரைமைலில்தான் எங்கள் மேல் மழை பெய்தது, அதுவும் நன்றாகவே பெய்தது.

எனக்கு நிறுவனத்தின் மேல் இருந்த மனத்தாங்கல் பணத்தைப் பற்றியது அல்ல. ரத்தானால் பணம் இல்லை என்ற விதி, வாடிக்கையாளரையே வழிகாட்டிக்கு எதிராக நிறுத்திவிடுகிறது. தண்ணீர் கலங்கிக்கொண்டிருந்தபோது, கொடுத்த காசுக்குப் பாதிதான் போயிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கே ஒரு நொடி வந்தது, ஒளிப்பானேன். அந்த மனிதர் என்னைக் கேட்காமல் முடிவெடுத்தார் என்பதால் நான் இதை எழுதுகிறேன். பிறகு நிறுவனத்தாரும் இறங்கி வந்து, வேறொரு நாளைக்கு இலவசமாக இடம் தந்தார்கள்.

அந்த நாள் வரும் வரையான மாதங்களில் நான் சில பழக்கங்களைப் பிடித்துக்கொண்டேன். ‘மழை வருமா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘நேற்று இரவு மேலே பெய்ததா, தண்ணீர் என்ன நிறம்’ என்று கேட்கிறேன். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘இன்ஃபோபஞ்சிர்’ என்னும் வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் ஆற்று மட்டங்களைச் சாதாரணம், கவனம், எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகளாகக் காட்டுகிறார்கள். வானிலைத் துறையின் ரேடார் படத்தில் கோப்பெங்கைப் பார்க்காமல் அதற்குக் கிழக்கே மலையைப் பார்க்கிறேன். இதெல்லாம் எல்லா ஆற்றுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. கோலகுபு பாருவில் சிலாங்கூர் ஆற்றுக்கு மேலே அணை இருப்பதால், அங்கே மழையோடு அணை திறப்பையும் கேட்க வேண்டும். சபாவின் பாடாஸ் ஆறு சாதாரண நாளிலேயே 3, 4 என்ற தரத்தில் ஓடுவது; அங்கே மழைக்கணக்கு இன்னும் கறாரானது.

பிப்ரவரியில், மழை குறைந்திருந்த ஒரு வாரத்தில், மறுபடி போனோம். காலை ஒன்பது மணி. அதே வழிகாட்டி, என்னை நினைவிருந்ததா என்று தெரியவில்லை, என் காலில் இருந்த கறுப்பு ரப்பர் சப்பாத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். குச்சியை ஒடித்துத் தண்ணீரோரம் நட்டார். தங்கை மகனும் ஒரு குச்சியை ஒடித்து அதன் பக்கத்திலேயே நட்டுவிட்டு, மேலங்கி மாட்ட வரச்சொல்லி நாங்கள் கூப்பிட்டும் வராமல் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் கழித்து வழிகாட்டி வந்தபோது, “நாயிக் தாக்” என்று மலாயில் அவனாகவே கேட்டான், ஏறியதா என்று. அவர் குனிந்து இரண்டு குச்சிகளையும் பார்த்துத் தலையாட்டினார். இரண்டும் நட்ட இடத்திலேயே, அடி மட்டும் ஈரமாக நின்றன.